பின்னிக் காட்டினால் படகு வந்துவிடுமா?

போன இதழில் கோலத்தைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு நாலு வரி எழுதினேன். 2019 டிசம்பர் கடைசியில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் தெருவில் கோலம் போட்டார்கள், போலீஸ் சிலரைப் பிடித்து வைத்திருந்து அப்புறம் விட்டது, அடுத்தடுத்த நாட்களில் வேறு பல வாசல்களிலும் அதே வாசகத்தோடு கோலம் முளைத்தது, அவ்வளவுதான் அதில் இருந்த விஷயம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் கடற்கரைக் கடிதங்கள். கையால் ஒன்றைச் செய்து அதை வைத்து ஒரு நியாயத்தைக் கேட்க முடியுமா என்பதையே ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரரும் இன்னும் ஐந்து பேரும் கடலில் பிடிபட்டு அக்கரையில் இலங்கைச் சிறையில் இருக்கிறார்கள். படகும் அங்கேதான் கிடக்கிறது. ஆறு வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு வலை பின்னி, அதைக் கலெக்டர் ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கேட்கலாம் என்று பேசிக்கொண்டோம். என் கொழுந்தனார், ‘பின்னிக் காட்டினால் படகு வந்துவிடுமா’ என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.
*— பாம்பன் வாசகி*

வராது, தங்கச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரும் என்று நம்பிப் பின்னினால் வலை முடிகிற அன்றைக்கே மனசு உடைந்து போகும். ஆனால் உண்ணாவிரதம் இருந்தால் மட்டும் வந்துவிடுகிறதா, ரயில் மறித்தால் வந்துவிடுகிறதா? தங்கச்சிமடத்தில் எத்தனை பந்தல் பார்த்திருக்கிறோம். எந்த ஒன்றும் தனியாக நின்று படகைக் கொண்டுவருவதில்லை. அதனால் படகு வருமா என்பதைவிட, இந்த வலை உங்களுக்காக என்ன வேலை செய்யும் என்று கேட்டுப் பாருங்கள்.

சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11-ம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பினோசே என்ற தளபதியின் ஆட்சி. வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போன ஆட்கள் திரும்பி வரவில்லை, எங்கே என்று கேட்டால் அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்று பதில். அந்த வீட்டுப் பெண்கள் தலைநகர் சாந்தியாகோவில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியின் மேல் ஒட்டுத்துணி வைத்துப் படம் தைத்தார்கள். ‘ஆர்பியேரா’ என்று அதற்குப் பெயர், சாக்குத் துணி என்றுதான் அர்த்தம். பின்னால் மலை, மேலே சூரியன், வரிசையாக வீடுகள், அதற்கு நடுவில் ‘எங்கே அவர்கள்?’ என்று பதாகை பிடித்த பெண்கள். சிலர் காணாமல் போன தங்கள் ஆளின் சட்டையையே வெட்டி அதில் வைத்துத் தைத்தார்கள். அந்தத் துணிகள் மறைவாக நாட்டைவிட்டு வெளியே போய் விற்றன, வந்த காசில் அடுப்பு எரிந்தது, உள்ளே நடப்பது வெளியே தெரிந்தது. பினோசே பதவியை விட்டு இறங்கியது 1990-ல்தான். எத்தனையோ பெண்களுக்கு இன்றுவரை ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ‘அப்படி ஒரு ஆளே இல்லை’ என்ற பொய்யை உலகம் நம்பாமல் போனதற்கு அந்தத் துணிகளும் ஒரு காரணம்.

சரி, உங்கள் வலைக்கு வருவோம். நான் சொல்வது இதுதான். ஒரு நாளைக்கு ஒரு வலைக்கண் போடுங்கள். அவர் பிடிபட்ட நாளிலிருந்து எண்ணி, வரிசைக்கு முப்பது கண். ஒரு வரிசை முடிந்தால் ஒரு மாசம் ஆயிற்று. நீதிமன்றத்தில் காவலை நீட்டித்த ஒவ்வொரு தேதிக்கும் அந்தக் கண்ணில் அவர் கைலியிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கட்டுங்கள். ஆறு வீட்டுக் கைலியும் ஆறு நிறமாக இருக்கும், வேறு அலங்காரம் வேண்டாம். நூல் அவர் கடலுக்குக் கொண்டுபோகும் அதே நைலான் நூலாக இருக்கட்டும், கண்ணும் அதே அளவாக இருக்கட்டும், பார்க்கிறவர் இது நிஜ வலை என்று தொட்ட உடனே அறிய வேண்டும்.

கூடவே ஒரு தாள். அது இல்லாமல் வலையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா எந்தத் தேதி, வக்கீல் இருக்கிறாரா, சிறையிலிருக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசு தருகிற தினப்படி எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, படகு எந்தத் துறைமுகத்தில் எந்த நிலைமையில் கிடக்கிறது. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனுவுக்கு ரசீது வாங்குங்கள். வலையை மட்டும் அங்கே கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஏனென்றால் அடுத்த கூட்டத்துக்கு அதே வலை இன்னும் ஒரு வரிசை நீளமாகப் போக வேண்டும். மனுவைக் கட்டோடு கட்டாகப் போட்டு மறந்துவிடலாம். மாசத்துக்கு மாசம் வளர்ந்துகொண்டு வருகிற வலையை மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் மறக்க முடியாது, அதைச் சுமந்து வருகிற உங்களாலும் முடியாது. கொழுந்தனாரையும் ஒரு வரிசை போடச் சொல்லுங்கள். வலை வேலை தெரிந்த கைதானே.

கேள்வி: எங்கள் பக்கம் பனைமரங்களை வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றுகிறார்கள். ஓலைப்பெட்டியில் வாசகம் வைத்து முடைந்து அதிகாரிகளுக்குக் கொடுக்க நினைக்கிறோம். எழுத்து வடிவமே வரமாட்டேன் என்கிறது.
*— சாயல்குடி அருகிலிருந்து ஒரு மகளிர் குழு*

வராதுதான். இதை நான் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர், எழுபது வயசைத் தாண்டியவர், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து குருத்தோலையில் ஈர்க்கை நீக்கி, நகத்தாலேயே ஒரே அகலத்துக்குக் கீறிக்கொண்டே போவார். சாயத் தண்ணீரில் கொதிக்கவைத்த சிவப்பு ஓலை ஒரு கட்டு, வெள்ளை ஓலை ஒரு கட்டு. ஓலை காய்ந்து விறைத்தால் தண்ணீரைத் தெளித்து முந்தானையால் ஒரு துடைப்பு. அவரிடம் போய் ‘பனை’ என்று முடைந்து கொடுங்கள் பெரியம்மா என்று கேட்டேன். ப வந்துவிட்டது. மூன்று நேர்கோடு, ஓலை குறுக்கும் நெடுக்குமாகத்தானே போகிறது, அதனால் ப, ட இரண்டும் சொன்னபடி கேட்கும். ‘னை’ வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. சுழி வைக்க ஓலைக்கு வழியே இல்லை. மூன்று தடவை பிரித்துப் பிரித்து முடைந்துவிட்டு, ‘எழுதுறதுக்குன்னா ஓலைல எழுத்தாணியால எழுதணும், முடையறதுல எழுத்து எப்படி வரும்’ என்று கேட்டார்.

அதனால் இரண்டு வழி. பெட்டியை வெள்ளையாக முடைந்து முடித்துவிட்டு, சாய ஓலையை இன்னும் மெல்லிசாகக் கீறி, மேலாக ஊசியில் கோத்து எழுத்துப் போடலாம், சுழியும் ஓரளவு வரும். இல்லையென்றால் எழுத்தையே விட்டுவிட்டு மரத்தை முடையுங்கள். ஒரு நெடுங்கோடு, உச்சியில் விசிறி. அது கட்டத்துக்குள் அழகாக உட்காரும், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. எழுத வேண்டியதை எல்லாம் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். பெட்டி என்பதே ஒன்றை உள்ளே வைக்கத்தானே. வாங்குகிறவர் தன் கையால் மூடியைத் திறந்துதான் மனுவை எடுக்க வேண்டும், விரலில் ஓலை வாசம் ஒட்டும்.

மனுவில் ஒன்றை விடாமல் எழுதுங்கள். பனை நம் மாநில மரம். 2021-ல் முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே, பனையை வெட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வாங்க வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஆகவே ‘வெட்டாதீர்கள்’ என்று கெஞ்சி எழுத வேண்டாம். இந்த மரங்களுக்கு அனுமதி வாங்கினார்களா, வாங்கியிருந்தால் எண் என்ன, தேதி என்ன என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே கேள்வியைப் போடுங்கள்.

கேள்வி: கைவினைப் போராட்டம் என்பது வெளிநாட்டில் கம்பளி பின்னுகிறவர்கள் கிளப்பிவிட்ட ஃபேஷன் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
*— தொண்டி, கல்லூரி மாணவர்*

பெயர் வெளிநாட்டில் பரவியதுதான் தம்பி. ‘கிராஃப்டிவிசம்’ என்ற சொல்லை 2003 வாக்கில் பெட்சி கிரீர் என்ற அமெரிக்கப் பெண் பரப்பினார். காரியம் நமக்குப் பழசு. மதுரை உனக்கு எத்தனை தூரம்? 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மதுரையில்தான் மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு நாலு முழத்துக்கு வந்தார். அந்நியத் துணியை விடுங்கள் என்றால் ஏழைக்கு மாற்றுக் கதர் வாங்கக் காசில்லை, அப்படியானால் துணியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தன் உடம்பிலேயே செய்து காட்டினார். ராட்டையில் சுற்றின நூல் ஒரு சாம்ராஜ்யத்தின் வியாபாரத்துக்கு எதிராக நின்றது என்றால் அதைவிடப் பெரிய கைவினைப் போராட்டம் எது?

அதிலேயே ஒரு தோல்வியும் உண்டு, அதையும் உன் நண்பர்களுக்குச் சொல். 1924 கடைசியில் காங்கிரஸ் உறுப்பினர் என்றால் மாசம் 2000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள், நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று வழியும் விட்டார்கள். அது நிலைக்கவில்லை, மறுவருஷமே தளர்த்த வேண்டியதாயிற்று. விரும்பி நூற்றவர்களின் கை நின்றது, விதிக்காக நூற்றவர்களின் கை நிற்கவில்லை. கல்லூரியில் நீங்கள் ஏதாவது ஆரம்பித்தால் ஆளுக்கு இத்தனை என்று கணக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கதர் கதை அங்கேயே முடிந்துவிடவும் இல்லை. தேசியக் கொடி கையால் நூற்று நெய்த துணியில்தான் இருக்க வேண்டும் என்று இருந்ததை 2021 டிசம்பர் 30-ல் மாற்றி, பாலியஸ்டரும் எந்திரத் துணியும் ஆகலாம் என்றார்கள். கர்நாடகத்தில் ஹூப்ளியில் கொடித் துணி தயாரிக்கிற கதர் சங்கம் 2022-ல் அதை எதிர்த்துப் போராடியது.

கேள்வி: கரையில் ஒதுங்கும் பவளத் துண்டு, சிப்பி எல்லாம் வைத்து ஒரு பெரிய வாசகம் செய்யலாமா? கடலைக் காப்பாற்றச் சொல்லித்தான்.
*— இராமேஸ்வரம் வாசகர்*

பவளம் வேண்டவே வேண்டாம். உயிரோடு இருந்தாலும் செத்து ஒதுங்கினாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது, கடல்விசிறியும் அப்படியே. சங்கு, சிப்பியிலும் சில இனங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரும். நம் பக்கத்து மன்னார் வளைகுடாவின் 21 தீவும் அதைச் சுற்றின கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடலுக்காகப் பேசப் போய்க் கடலிலிருந்தே அள்ளி வந்தால் முதல் கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வரும். ஒதுங்கிக் கிடக்கிற அறுந்த வலை, செருப்பு, பாட்டில் மூடி இவை போதாதா? அள்ள அள்ளக் கரையும் சுத்தமாகும்.

கேள்வி: இதற்கெல்லாம் போலீஸ் அனுமதி வேண்டுமா?
*— தேவிபட்டினம் வாசகி*

திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாலைந்து பேர் போய் மனுவோடு ஒரு பெட்டியையோ துணியையோ காட்டுவதற்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். கூட்டமாக ஊர்வலம் என்றால் வேண்டும். நம் மாவட்டத்தில் கூட்டம், ஊர்வலத்தைக் கட்டுப்படுத்துகிற காவல் சட்டம் 30(2) போடுகிற நாட்கள் அதிகம், பழைய 144 தடை உத்தரவு இப்போது 163 என்ற எண்ணில் இருக்கிறது, கிளம்புகிற வாரம் அமலில் என்ன இருக்கிறது என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பு தந்த உரிமை, ஆனால் அரசு மதில், கம்பி வேலி, மின்கம்பத்தில் எதையும் கட்டாதீர்கள், பொது இடத்தை அலங்கோலப்படுத்துவதாக 1959-ம் வருஷச் சட்டத்தில் வழக்குப் போடலாம். தேசியக் கொடியில் எழுதுவது, தைப்பது, அதை வெட்டி ஒட்டுத்துணி ஆக்குவது எதுவும் கூடாது. எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை.

கேள்வி: எனக்கு வயது 64. மூட்டுவலி. கடல்பாசி எடுக்கும் வேலையையே விட்டுவிட்டேன். எங்கள் பெண்கள் அடையாள அட்டை கேட்டு வெயிலில் உட்காருகிறார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து துணிப்பை தைத்துக் கொடுக்கிறேன். இதைப் போராட்டம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.
*— சின்னப்பாலம் வாசகி*

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறித்த கை அது, எதற்குக் கூச்சம்?

2006-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு போர் டாங்கியை முழுக்க இளஞ்சிவப்புக் கம்பளியால் மூடினார்கள். இராக் போரில் தங்கள் நாடு சேர்ந்ததை எதிர்த்து, ஒரு பெண் கலைஞர் யோசித்துச் செய்தது. அவரே பின்னியிருந்தால் ஆயுசு போதாது. பல நாடுகளில் யார் யாரோ அவரவர் வீட்டில் உட்கார்ந்து உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரமாகப் பின்னித் தபாலில் அனுப்பினார்கள், 4000-க்கும் மேல். பீரங்கிக் குழல்கூட வெளியே தெரியவில்லை. அனுப்பினவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த டாங்கியை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயில் செத்தவர்களுக்காக ஒரு போர்வை இருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு, மூன்றடிக்கு ஆறடி, அதாவது ஒரு குழியின் அளவு. அரசாங்கம் அந்த நோயைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்ற கோபம் இருந்த காலத்தில், 1987 அக்டோபரில், 1920 துண்டுகளை வாஷிங்டனில் விரித்தார்கள். அம்மாக்கள் தைத்த துண்டுகள் அதில் நிறைய. விரித்தவர்கள் சில பேர், தைத்தவர்கள் ஆயிரக்கணக்கான பேர், இதில் யார் போராடினார்கள் என்று எப்படிப் பிரிப்பது?

உங்கள் பைகளில் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு பையின் உள்பக்கமும், அதைத் தோளில் போடப்போகிற பெண் எத்தனை வருஷமாகப் பாசி எடுக்கிறாள் என்பதை எண்ணாகத் தைத்துவிடுங்கள். 30, 22, 41 என்று எண் மட்டும். அட்டை கேட்கும்போது பையைத் திருப்பிக் காட்டட்டும். உங்கள் பையில் உங்கள் எண்ணையும் போடுங்கள்.

கேள்வி: ஒரு அமைப்பு எங்கள் பெண்களிடம் போராட்டத்துக்கு என்று 200 கொட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) முடையச் சொல்லி வாங்கிக்கொண்டது. படம் எடுத்து எல்லா இடத்திலும் போட்டார்கள். கூலி கேட்டால் ‘இது சேவைதானே’ என்கிறார்கள்.
*— கீழக்கரை அருகிலிருந்து*

கூலியைக் கேட்டு வாங்குங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தன் கோரிக்கைக்காகத் தானே முடைந்தால் அது போராட்டம், அதற்குக் கூலி யாரும் கேட்கப்போவதில்லை. இன்னொருவர் வாசகத்துக்காக, இன்னொருவர் சொன்ன எண்ணிக்கையில், சொன்ன தேதிக்கு முடைந்தால் அது வேலை. சிலிப் பெண்கள் தைத்ததற்குக் காசு வந்தது என்று மேலே எழுதினேனே, அதில் அவர்களுக்கும் வெட்கமில்லை, வாங்கினவர்களுக்கும் இல்லை. ஒரு பெண்ணின் நியாயத்துக்காகப் பேச இன்னொரு பெண்ணின் பகல் முழுவதையும் சும்மா எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓலை வாங்கிய காசு, சாயத்தின் காசு, ஒரு கொட்டானுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இனிமேல் யார் கேட்டு வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: இது யாருடைய கோரிக்கை, கூட்டத்தில் எங்களில் யார் பேசுவார்?

கேள்வி: நான் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். பாம்பன் பெண்கள் வலை பின்னப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் சொந்தக்காரர்கள் அக்கரையில் மீன்பிடிக்கிறார்கள், அவர்கள் வலை இங்கிருந்து போகிற விசைப்படகுகள் இழுக்கிற இழுவைமடி வலையில் சிக்கி அறுகிறது. இந்த வலையை அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?
*— மண்டபம் வாசகி*

நல்லவேளை கேட்டாய். நானே இதை விட்டிருப்பேன்.

1974-லும் 1976-லும் இரண்டு அரசாங்கமும் கடலில் கோடு போட்டன. அக்கரையில் 2009 வரை போர், கடலுக்குள் போகவே தடை. திரும்பிக் கடலில் இறங்கினால் அடிமண்ணோடு வாரிக்கொண்டு போகிற விசைப்படகு. தவணைக்கு வாங்கின வலை ஒரே ராத்திரியில் துண்டு துண்டு. 2017-ல் அங்கே இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். நம் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களும் இதே குறையைத்தான் வருஷக்கணக்காகச் சொல்கிறார்கள். அதனால் எந்த வலையைப் பின்னுகிறோம் என்பது ரொம்ப முக்கியம். பாம்பன் தங்கச்சிக்கும் இதையே சொல்கிறேன்: அவர் போனது எந்தப் படகில் என்பதை மறைக்க வேண்டாம், ஆனால் பின்னுவது இரண்டு கரைக்காரரும் விரிக்கிற சாதாரணச் செவுள்வலையாக இருக்கட்டும், இழுவைமடியாக வேண்டாம்.

உன் சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார், அறுந்துபோன அவர்கள் வலையிலிருந்து ஒரு முழம் தருவார்களா என்று. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரண்டு கரையும் வருஷத்துக்கு ஒரு தடவை சந்திக்கிறது. கொண்டுபோகிற பொருளுக்குக் கட்டுப்பாடு உண்டு, பெயர் பதியும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டு வந்தால் பாம்பன் வலையின் கடைசி வரிசையில் வைத்துப் பின்னிவிடலாம். ஒரே கண் அளவாக இருந்தால் முடிச்சு எங்கே சேர்ந்தது என்று தெரியாது. அப்புறம் ஓரக்கயிறு கட்டாமல் கடைசிக் கண்களை அப்படியே விட்டுவிடச் சொல். அக்கரையில் யாராவது ஊசியை எடுத்தால் அந்தக் கண்ணிலிருந்தே அடுத்த வரிசையை ஆரம்பிக்கலாம்.